எருமை கிளம்பும் நாள்

பெட்ரோல் பங்க் திறக்க இன்னும் நேரம் கிடந்தது. வரிசை மட்டும் முந்திக்கொண்டு வந்து, தெரு முனையைத் திரும்பி, மருந்துக்கடை வாசல்வரை நீண்டிருந்தது.

"அக்கா, பிரேக்கை விடுங்க. முன்னாடி நகர்ந்தாச்சு."

மூத்தவள் பிரேக்கை விட்டாள். இளையவள் பின்னாலிருந்து தள்ள, பைக் முனகிக்கொண்டே நகர்ந்தது. கறுத்த, கனத்த, பழைய வண்டி. இளையவளின் கணவர், சின்னவர், கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. மனது வைத்தால் கிளம்பும். வைக்காவிட்டால் நடுரோட்டில் நின்றுகொண்டு மூச்சுவிடும். வீட்டில் அதற்குப் பெயர் எருமை.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தவர்கள் இவர்கள் இருவரும். ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் அரிவாள்மனை பறக்கும் என்று எதிர்பார்த்த உறவுக்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றம். இளையவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். போன வருஷம் அவள்தான் மூத்தவளைப் பள்ளி மைதானத்துக்கு இழுத்துப் போய், விழ விட்டு, தூக்கி விட்டு, இந்த எருமையை ஓட்டப் பழக்கினாள். ஐம்பதைத் தொடப்போகும் வயதில் மூத்தவள் முதல் தடவை நாலாவது கியர் போட்ட அன்று, வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதே ஆரம்பித்த ஆசை. மலையைத் தாண்டி, அந்தப் பக்கம் காற்றாலைகள் சுற்றும் ஊர்வரை இருவரும் போய் வர வேண்டும். அங்கேதான் சின்னவருக்கு வேலை. வீட்டுக்கு வந்து மாதக்கணக்கு ஆயிற்று. கேட்டால் லீவு இல்லை, பஸ் இல்லை என்று ஏதாவது சொல்வார். பெட்ரோல், டீசல் தட்டுப்பாடு வந்து பஸ்ஸெல்லாம் பாதியாகக் குறைந்த பிறகு, "அவர் வரலன்னா என்ன, நாம போவோம்" என்று இளையவள் ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளிக்கூட வேனும் எண்ணெய் இல்லாமல் ஷெட்டில் ஏறிவிட்டது. கை சும்மா இருந்தால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது.

ஒரு வண்டிக்கு இவ்வளவுதான் என்று அளந்துதான் ஊற்றுகிறார்கள். கேனில் கிடையாது. வாரக்கணக்கில் வரிசையில் நின்று, வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே போய், கொஞ்சம் கொஞ்சமாக டேங்கில் சேர்த்தார்கள். இன்றைக்கு ஊற்றினால் கழுத்துவரை நிரம்பிவிடும். நாளை காலையில் கிளம்ப வேண்டியதுதான்.

"எங்கம்மா, ரெண்டு பேரும் இவ்ளோ பெரிய வண்டியோட?" பின்னால் நின்ற மீன் வியாபாரி கேட்டார்.

"மலைக்கு," என்றாள் மூத்தவள். வாயில் வைத்துச் சொல்லும்போதே இனித்தது.

"ஊர்ல ஆம்புலன்சுக்கே எண்ணெய் இல்ல. உங்களுக்கு ஊர் சுத்தற நேரமா இது?"

மூத்தவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. இளையவள் விடவில்லை. "என் வீட்டுக்காரரைப் பாக்கப் போறேன் அண்ணே. நீங்க உங்க வீட்டம்மாவைப் பாக்காம எத்தனை மாசம் இருப்பீங்க?"

"அவ விட்டா எத்தனை மாசம் வேணாலும் இருப்பேன்," என்றார் அவர். வரிசையே சிரித்தது.

யாருடைய கைபேசியிலோ செய்தி ஓடியது. துறைமுகச் சாலையில் எண்ணெய் லாரி ஓட்டுநர்களின் மறியல் தொடர்கிறது. பேச்சுவார்த்தையில் முன்னேற்றம் இல்லை.

"அந்த லாரிக்காரனுங்களை வரிசையா நிக்க வச்சு ஆளுக்கு ரெண்டு குடுக்கணும்," என்றாள் இளையவள். "வண்டியைக் குறுக்க நிறுத்திட்டு நிழல்ல உக்காந்துக்கிட்டா ஊரு என்ன ஆகறது? பொண்டாட்டி புள்ளைன்னு ஒருத்தனுக்கும் கிடையாதா?"

"நல்லாக் கேட்டேம்மா," என்றார் மீன் வியாபாரி.

டேங்க் நிரம்பியபோது பெட்ரோல் மூடிவரை வந்து மினுக்கியது. இளையவள் குனிந்து அதைக் கண்ணாடி பார்ப்பதுபோலப் பார்த்தாள். "மலை ஏத்தத்துல எருமை கொஞ்சம் அதிகமாக் குடிக்கும். ஆனா போய்ச் சேந்துடலாம் அக்கா. திரும்பி வர்றதுக்கு அவர் ஏதாவது ஏற்பாடு பண்ணட்டும்."

"பண்ணலன்னா?"

"அங்கேயே இருந்துடுவோம். காத்தாடிக்குக் கீழ ஒரு டீக்கடை போடுவோம்."

*

மூத்தவளுக்கு வேலை, பல் செட் செய்யும் ஒரு லேபில். மெழுகில் ஈறு வடித்து, அதில் பல் பல்லாகப் பதித்து, கடித்தால் மேலும் கீழும் பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். பொறுமையான வேலை. இன்றைக்குப் பொறுமை எங்கோ போயிருந்தது.

"என்னது இது?" லேப் முதலாளியம்மா ஒரு செட்டைத் தூக்கிப் பிடித்தார். "மேல் பல்லைக் கொண்டுபோய்க் கீழ வச்சிருக்கே. இதைப் போட்டுக்கிட்டா அந்த மனுஷன் சிரிக்கிறானா அழறானான்னே தெரியாது."

"மாத்திடறேம்மா."

"உடம்புதான் இங்க இருக்கு. ஆள் எப்பவோ மலை ஏறியாச்சு."

அது உண்மைதான். மெழுகு உருகும் வாசனைக்கு நடுவே மூத்தவளுக்கு வளைவு வளைவாகச் சாலை வந்துகொண்டிருந்தது. ரெயின்கோட்டை எடுத்து வைத்தோமா, கைபேசி சார்ஜரை மறந்துவிடுவோமோ, எந்த வளைவுவரை தான் ஓட்டுவது, எங்கிருந்து இளையவள் கையில் கொடுப்பது. மகன் வேலைக்கென்று வெளியூர் போன நாளிலிருந்து, வீடு, லேப், வீடு என்று கோடு போட்ட மாதிரி போய் வந்தவள். அந்தக் கோட்டைத் தாண்டப் போகிறோம் என்ற நினைப்பே உள்ளங்காலில் குறுகுறுத்தது.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். பெரியவர். அவள் கணவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் தடுக்கவும் மாட்டார். மனைவி பைக் ஓட்டப் பழகியபோது ஊர் சிரித்ததற்கு, "அவ ஓட்டறா, நீ ஏன் மூச்சு வாங்கறே?" என்று கேட்டவர். அவர் இந்தப் பயணத்துக்கு மட்டும் முகம் கொடுக்கவில்லை. கடையில் ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெட்ரோலில் கொஞ்சம் கேட்டதற்கு, முடியவே முடியாது என்றுவிட்டார். காலையில்கூட, "போய்த்தான் ஆகணுமா?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

மதியத்துக்குப் பிறகு கரண்ட் போனது. முதலாளியம்மா ஜெனரேட்டரைப் பார்த்தார், அதன் எண்ணெய் முள்ளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "எல்லாரும் கிளம்புங்க. ஊர்ல பல்லு இல்லாதவங்க நாளைக்கும் பல்லு இல்லாமத்தான் இருப்பாங்க."

*

வீட்டில் யாரும் இல்லை. பஞ்சர் ஒட்டும் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போவதாக இளையவள் சொல்லியிருந்தாள். எருமை முன்வாசல் கொட்டகையில் நின்றது.

மூத்தவளுக்கு உட்கார முடியவில்லை. கட்டிவைத்த பையை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தாள். சும்மா ஒரு உதை உதைத்துப் பார்ப்போம் என்று உதைத்தாள்.

கிளம்பவில்லை. இரண்டாவது உதைக்கும் இல்லை. அடம் பிடிக்கிறது என்று நினைத்துத் தொடையால் வண்டியை ஆட்டினாள். காலையில் தளும்பிய டேங்க் இப்போது தகர டப்பா மாதிரி வெறுமையாகச் சத்தம் போட்டது.

மூடியைத் திறந்தாள். அடி தெரிந்தது.

திருட்டு. தெருவுக்குத் தெரு இப்போது இதுதானே பேச்சு. குனிந்து பார்த்தாள். டேங்கிலிருந்து இறங்கும் ரப்பர் குழாயைக் கழற்றித்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் எடுத்தவன் குழாயை மறுபடி மாட்டிவிட்டுப் போயிருந்தான். கிளிப் உடைந்திருக்க வேண்டும், அதற்குப் பதிலாக மெல்லிய செம்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கி, முனையை உள்ளே மடக்கிவிட்டிருந்தான்.

அந்த மடிப்பை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள். வீட்டில் குடைக் கம்பி ஒடிந்தாலும் சரி, குக்கர் கைப்பிடி ஆடினாலும் சரி, முனை யார் கையையும் குத்தக் கூடாது என்று அப்படித்தான் மடக்குவார் அவர்.

ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

*

பெரியவர் கடையில் தனியாக இருந்தார். ஒரு மோட்டாரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேங்க்ல இருந்த பெட்ரோல் எங்க?"

அவர் நிமிரவில்லை. "திருட்டு ஜாஸ்தி ஆயிடுச்சு. வாசல்ல நிறுத்தாதீங்கன்னு அன்னிக்கே..."

"திருடன் உங்க கம்பியால கட்டிட்டுப் போயிருக்கான். முனையை மடக்கிக்கூட விட்டிருக்கான். ரொம்ப நல்ல திருடன்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

"பெஞ்சுக்குக் கீழ இருக்கு," என்றார். "கேன்ல. குடிச்சிடல."

"ஏங்க இப்படிப் பண்ணீங்க? போகக் கூடாதுன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. வாரக்கணக்கா வெயில்ல நின்னோம் ரெண்டு பேரும். உங்களுக்கு..."

"அவன் அங்க இல்ல."

"யாரு?"

"தம்பி. காத்தாலை ஊர்ல இல்ல. அந்தக் கம்பெனியை மூடி நாலு மாசம் ஆச்சு."

மூத்தவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். சரியாகக் கேட்கவில்லையோ என்றிருந்தது. "தினம் சாயங்காலம் போன் பண்றாரே. காத்து நல்லா அடிக்குது, ஆலையெல்லாம் ஓடுதுன்னு..."

"கடல் காத்து," என்றார் பெரியவர். "துறைமுகத்துல இருக்கான். பழைய முதலாளிகிட்டயே போய் மறுபடி எண்ணெய் லாரி எடுத்துட்டான். இப்ப ஓட்டல. நிறுத்தி வச்சிட்டு ரோட்ல உக்காந்திருக்கான்."

அந்த நொடியில் அவளுக்கு முதலில் வந்தது சின்னவரைப் பற்றிய கவலை இல்லை. இளையவளைப் பற்றியும் இல்லை. மலை போயிற்று. அவ்வளவுதான் வந்தது. அந்த வளைவுகளும், நாலாவது கியரும், குளிர்காற்றும் எல்லாம் போயின. அப்படி நினைத்தது தனக்கே உறைத்து, வெட்கப்பட்டு, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பிறகுதான் மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் சின்னவர் எண்ணெய் லாரிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். இறக்கும் இடத்தில் ஒருநாள் தீப் பிடித்தது. ஆள் தப்பினார், இடது கை தப்பவில்லை. விரல்கள் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அவருக்குச் சோறு ஊட்டி, சட்டை மாட்டிவிட்டு, வலியில் அவர் கத்தியபோதெல்லாம் கூடவே விழித்திருந்தவள் இளையவள். குணமானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இனி எண்ணெய் லாரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அவரும் அவள் தலையில் கைவைத்துச் சரி என்றார். அதற்குப் பிறகுதான் காற்றாலை வேலை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போகும்போதே சொல்லிட்டுத்தான் போனான். வேற வேலை கிடைக்கற வரைக்கும்தான் அண்ணே, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னான். அப்புறம் இந்த மறியல் வந்துடுச்சு." பெரியவர் கம்பிச் சுருளை எடுத்தார், வைத்தார். "ஊர்ல எல்லாரும் அவனுங்களைத் திட்டறாங்க. கடைக்கு வர்றவன் போறவன் எல்லாம். நானும் ஆமா ஆமாங்கறேன். வேற என்ன சொல்ல?"

"எதுக்காம் மறியல்?"

"ராத்திரி பகல்னு ஒரே ஆளை ஓட்டச் சொல்றாங்களாம். மாத்து டிரைவர் குடுக்கறதில்ல. ஸ்டியரிங்மேலேயே ஒருத்தன் செத்துப் போனான். இவனுக்குத் தெரிஞ்சவன். வண்டிக்கு ரெண்டு டிரைவர் போடற வரைக்கும் நகர மாட்டோம்னு உக்காந்துட்டாங்க."

"மூத்தவளா நான் வீட்ல இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை..."

"உனக்குத் தெரிஞ்சா உன் முகத்துல எழுதி ஒட்டியிருக்கும். அவ படிச்சிடுவா." பிறகு தணிந்த குரலில், "சொல்லிடாதே. இன்னிக்கோ நாளைக்கோ பேசி முடிச்சிடுவாங்க. பெட்ரோல் காணாமப் போச்சுன்னே இருக்கட்டும்."

"முடிக்கலன்னா? அவ நாளைக்கு மறுபடி வரிசைல போய் நிப்பா. உங்களுக்கு அவளைத் தெரியாது? எத்தனை நாளைக்கு டேங்கைக் காலி பண்ணிக்கிட்டே இருப்பீங்க?"

பெரியவர் எழுந்து, குனிந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து கேனை இழுத்தார்.

*

இப்போதைய ஊரில் பெட்ரோல் கேனோடு தெருவில் நடப்பது, நகைக்கடையையே தலையில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல. கேனைச் சாக்குப்பைக்குள் திணித்து, சைக்கிள் கேரியரில் கட்டி, பெரியவர் தள்ள, மூத்தவள் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். சைக்கிள் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சாக்குக்குள் சளக் என்றது. அவர்கள் இருமினார்கள்.

சலூன் வாசலில் உட்கார்ந்திருந்தவர் மூக்கைத் தூக்கினார். "என்ன அண்ணே, வாசனை தூக்குது?"

"தின்னர்," என்றார் பெரியவர். "மோட்டாருக்குப் பெயின்ட் அடிக்க."

"அந்தத் தின்னர்ல ஒரு கிளாஸ் குடுத்தீங்கன்னா என் மொபெட்டுக்கும் பெயின்ட் அடிச்சுப்பேன்."

வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் இருவருக்கும் கால் நின்றுவிட்டது. எதிர்வீட்டு வாசலில் கூட்டம். நடுவே இளையவள். எதிரே, டியூஷன் எடுக்கும் வாத்தியார். அவருடைய ஸ்கூட்டர் சாவி இவள் கையில்.

"ஒரு மாசமா ஓடாத ஸ்கூட்டர் இன்னிக்கு மட்டும் எப்படி சார் ஓடுது? சொல்லுங்க! நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என் டேங்க் காலி, உங்க டேங்க்ல பெட்ரோல்!"

"அம்மா, என் மச்சான் குடுத்ததும்மா. அரை லிட்டர். வேணும்னா போன் போட்டுத் தரேன், கேளுங்க." வாத்தியார் கைபேசியை நீட்டினார். அவரிடம் படிக்க வந்த பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவரை அதிகம் வதைத்தது என்று மூத்தவளுக்குத் தெரிந்தது.

"போலீசுக்கே போன் போடறேன். அவங்ககிட்ட மச்சான் கதையைச் சொல்லுங்க."

கூட்டத்தில் ஒருவன், "ஸ்கூட்டரைக் கவுத்துப் பாத்தாத் தெரிஞ்சிடும்," என்று முன்னே வந்து கைப்பிடியைப் பிடித்தான்.

பெரியவர் சைக்கிளைப் பிடித்தபடி கல்லாக நின்றார். மூத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இனி யோசிக்க எதுவும் இல்லை.

"விடுப்பா ஸ்கூட்டரை!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவர் எடுக்கல. எடுத்தது எங்க வீட்டுக்காரர்."

கைப்பிடியைப் பிடித்தவன் கையை எடுத்தான். இளையவள் மெல்லத் திரும்பினாள். பெரியவரையும் சைக்கிளையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமாவா?"

பெரியவர் வாத்தியார் பக்கம் போய்க் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க சார். வீட்டு விஷயம். உங்களை இழுத்து விட்டுட்டோம்." வாத்தியார் இளையவள் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

*

வீட்டுக்குள் வந்ததும் பெரியவர் சுவரோரம் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். அதனால் மூத்தவளே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கம்பெனி மூடியதை, துறைமுகத்தை, லாரியை, மறியலை, செத்துப்போன அந்த ஓட்டுநரை, கேட்ட வரிசையிலேயே சொன்னாள்.

இளையவள் வாங்கி வந்த பஞ்சர் சாமான் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூலையை மட்டும் கிழித்துக் கிழித்துப் போட்டாள். முடிந்ததும் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் அக்கா?"

"இப்பத்தான். கடைல."

இளையவள் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் தலையாட்டினாள். "சரி. உங்களுக்கும் தெரிஞ்சிருந்தா இந்த வீட்ல நான் இருந்து பிரயோஜனமே இல்ல."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"காலைல பங்க்ல அவரைத்தான் வாயாரத் திட்டியிருக்கேன்," என்றாள் இளையவள். "பொண்டாட்டி புள்ளைன்னு ஒருத்தனுக்கும் கிடையாதான்னு."

சிரிப்பாள் என்று மூத்தவள் நினைத்தாள். சிரிக்கவில்லை. எழுந்து போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். குழாயை மூடாமலே நின்றாள். மூத்தவள் போய் மூடினாள்.

"அந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படிக்கா கியர் போட்டிருப்பார்?"

"தெரியலடி."

"வேலை போச்சுன்னு சொல்லியிருந்தா நான் என்ன அவரைக் கடிச்சா தின்னுடுவேன்? நான் வேன் ஓட்டறேன்ல?" துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வெளியே வந்தபோது குரல் மாறியிருந்தது. "மாமா, துறைமுகம் எவ்ளோ தூரம்?"

பெரியவர் திகைத்தார். "எதுக்கும்மா?"

"மலைக்குப் போறதுல பாதி இருக்குமா?"

"பாதிகூட இருக்காது. ஆனா..."

"அப்பப் போகவும் வரவும் இந்த டேங்க்கே போதும்."

ஒரு மாதமாக மூவரும் கூட்டிக் கழித்துச் சண்டை போட்ட கணக்கு, ஊரை மாற்றியதும் தானே சரியாகிவிட்டது.

"போய் என்ன பண்ணப் போறே?" மூத்தவள் மெதுவாகக் கேட்டாள். "கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரப் போறியா?"

"தெரியலக்கா. ரெண்டு அறை விடணும்னும் தோணுது. பக்கத்துல போய் உக்காந்துக்கணும்னும் தோணுது. பாத்தாத்தான் தெரியும்."

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. வழக்கமாக அவர் கூப்பிடும் நேரம். மூவரும் அதைப் பார்த்தார்கள். இளையவள் ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"என்ன பண்றே?" என்றது சின்னவரின் குரல். சோர்ந்து, கரகரத்து இருந்தது. "டேங்க் நிரம்பிச்சா? நாளைக்குக் கிளம்பறீங்களா?"

"இல்லங்க," என்றாள் இளையவள். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. "யாரோ பெட்ரோலை உறிஞ்சிட்டாங்க. இப்போதைக்கு வர முடியாது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. நிம்மதிப் பெருமூச்சு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். "அடடா. சரி விடு. இங்கேயும் ஒண்ணும் இல்ல. ஆலையெல்லாம் நல்லா ஓடுது. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம். சாப்பிட்டேன். நல்..."

பின்னால் திடீரென்று ஒலிபெருக்கி கரகரத்தது. கடல் காற்றில் வார்த்தைகள் சிதறி வந்தன. "...இறுதி அறிவிப்பு... இன்றிரவுக்குள் சாலையை விட்டு... தவறினால் பலவந்தமாக..." அதற்குமேல் பலர் ஒன்றாகக் கூச்சலிட்டார்கள்.

"என்ன சத்தம் அது?" என்றாள் இளையவள்.

"டிவி. பக்கத்து ரூம்ல டிவி. நான் அப்புறம் பண்றேன்." இணைப்பு அறுந்தது.

பெரியவர் யாரும் சொல்லாமலே கேனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். புனல் வைத்து அவர் ஊற்றும் சத்தம் உள்ளே கேட்டது. ஒரு சொட்டு வீணாகாமல் ஊற்றினார்.

இளையவள் ஒரு ஹெல்மெட்டை மட்டும் எடுத்தாள். "அக்கா, நீங்க இருங்க. நீங்க ஆசைப்பட்டது வேற பயணம். இது வேற. அங்க என்ன நடக்குமோ."

மூத்தவள் அவளுடைய கையைப் பார்த்தாள். ஹெல்மெட் பட்டைக் கொக்கியை மாட்டப் போய் இரண்டு தடவை தவறவிட்டது அந்தக் கை. பல் செட்டும் மெழுகும் மலை வளைவுகளும் எங்கோ தூரத்தில் இருந்தன. உள்ளங்கால் குறுகுறுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"இந்தக் கையோட கிளட்ச் பிடிப்பியா நீ?" என்று கேட்டு இன்னொரு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். "முன்னாடி நான் ஓட்டறேன். நீ பின்னாடி உக்காரு."

"நானும்..." என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"மூணு பேரை எருமை இழுக்காதுங்க. போனைப் பக்கத்துல வச்சுக்குங்க. போய் வாத்தியார்கிட்ட இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

எருமை இரண்டாவது உதைக்கே கிளம்பியது. தெருக்கோடியில் மூத்தவள் இடப்பக்கம் மலைச் சாலையைத் திரும்பிப் பார்க்காமல் வலப்பக்கம் திருப்பினாள். பொழுது சாய்ந்து, நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடந்தது. தட்டுப்பாட்டுக் காலத்துச் சாலையில் இவர்களைத் தவிர வண்டியே இல்லை. அவள் நாலாவது கியர் போட்டாள்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. அவள் ஓரம் ஒதுங்கினாள். ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட போலீஸ் வேன் ஒன்று காற்றை அறைந்துகொண்டு முந்திப் போனது. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. உள்ளே வரிசையாகத் தலைக்கவசங்கள். எல்லாம் துறைமுகத்தை நோக்கி. ஊரில் ஆம்புலன்சுக்கு இல்லாத எண்ணெய் அந்த வேன்களுக்கு எங்கிருந்தோ கிடைத்திருந்தது.

இளையவளின் விரல்கள் தோளில் அழுந்தின. காதருகே அவள் குரல், காற்றோடு கிழிந்து வந்தது.

"அக்கா, இன்னும் கொஞ்சம் வேகமா."

மூத்தவள் குனிந்து, கைப்பிடியை முழுசாக முறுக்கினாள்.